ஐவி எந்தப் பக்கம் திரும்பினாள்

நொரீன் டாட்டர்சாலின் அம்மா ஒரு திரைப்படத்தில் பதினோரு நொடிகள் இருக்கிறாள். நடிகை இல்லை. 1960 நவம்பரில், பனிமூட்டம் இறங்கிய ஒரு பிற்பகலில், லண்டனிலிருந்து வந்த படக்காரர்கள் சால்ஃபோர்டின் பிம்லாட் தெருவில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். அவள் அந்த வழியாக நடந்து போனாள். அவ்வளவுதான். முன்னால் படத்தின் நாயகன் நின்று சிகரெட் பற்ற வைக்கிறான். பின்னால் ஒரு பெண் தெருக்கோடிவரை நடக்கிறாள், மூலையில் ஒரு கணம் நிற்கிறாள், திரும்பி மறைகிறாள். அதற்குப் பிறகு ஐவி டாட்டர்சாலை யாரும் பார்க்கவில்லை.

நொரீனுக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த மூலையில் இரண்டே வழிகள். வலது பக்கம் போனால் ரயில் நிலையம். இடது பக்கம் போனால் கால்வாய்க்கரைப் பாதை. படத்தில் அவள் வலது பக்கம் திரும்புகிறாள். கையில் பெட்டி மாதிரி ஏதோ ஒன்று கறுப்பாகத் தெரிகிறது. ஆக, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ரயிலேறிப் போன பெண். நொரீன் ஐம்பத்திரண்டு வருடங்கள் அந்த வலது பக்கத்தோடுதான் வாழ்ந்தார்.

நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. வேலை நூலகத்தில். வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்கு மாடிக் கூடத்தில் பழைய படம் போடுவது என் பொறுப்பு. முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் படத்துக்கு, மீதிப் பேர் ஓசியில் குளிர்காய என்று டெஸ் பாம்ஃபிரட் சொல்வார். டெஸ் நாற்பது வருடம் திரையரங்குகளில் படம் ஓட்டியவர். எழுபத்தாறு வயதிலும் எங்கள் இயந்திரத்தை வேறு யாரும் தொட விடமாட்டார்.

நொரீன் முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, படம் நெடுகக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"பாரு, பாரு. மழை அவன் தலைமேல மட்டும் பேயுது. பின்னால நிக்கிற நாய் காஞ்சுபோய் நிக்குது."

"நொரீன், கொஞ்சம் படம் பாக்க விடேன்," என்று இருட்டிலிருந்து டெஸ் குரல் வரும்.

"நான் படத்தத்தான் பாக்குறேன். நீங்கல்லாம் கதையப் பாக்குறீங்க."

அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும். அந்தக் காலத்து நகரப் படங்களில் ஒருவன் எங்கள் ஊர் ஆலை வாசலில் கதவைச் சாத்திவிட்டு லண்டன் படிக்கட்டில் இறங்குவான். கார் ஓட்டுகிறவன் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டுத் திருப்புவான், கண்ணாடிக்கு வெளியே தெரு நேர்கோடாகப் போய்க்கொண்டிருக்கும். கரி அள்ளுகிறவன் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுவான். "வாசப்படியத் தேய்க்கிறவ தலைமுடிய இப்படிச் சுருட்டி வெச்சுக்கிட்டாத் தேய்ப்பா? எங்க தெருவுல ஒருத்தி இப்படி வெளிய வந்திருந்தா கல்யாணமா சாவான்னு கேட்டிருப்பாங்க."

ஆனால் எழுந்து போகமாட்டார். ஒருமுறை கேட்டேன், இவ்வளவு பொய் என்றால் ஏன் வருகிறீர்கள் என்று.

"முன்னால நிக்கிறவங்கதான் பொய், கண்ணு. பின்னால போறவங்க பொய் இல்ல," என்றார். "அனுமதி வாங்காம, காசு குடுக்காம, தெருவுல கேமராவ வெச்சுட்டானுங்க. போனவங்க போனாங்க, வந்தவங்க வந்தாங்க. துணி காஞ்சுது. புகை வந்துது. அந்தத் தெருவுல ஒண்ணுகூட இன்னைக்கு இல்ல, எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க. அதுங்க நிக்கிற ஒரே இடம் இந்தப் படங்கதான். கதை போற இடத்துக்குப் போகட்டும்."

நொரீனின் அப்பா ஹெரால்ட் குதிரை வண்டியில் நிலக்கரி விற்றவர். அம்மா போன பிறகு அவரும் மகளும்தான். பதினைந்து வயதில் நொரீன் மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம். லெஸ்லி என்று ஒருவர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டார். கனடாவுக்குப் போய்விடலாம் என்றார். நொரீன் போகவில்லை. தெருக்களை இடித்தபோது மூன்றுமுறை வீடு மாற வேண்டியிருந்தது. மூன்றுமுறையும் அதே அரை மைல் வட்டத்துக்குள்ளேயே வீடு கேட்டு வாங்கினார். கடைசியாகக் கிடைத்தது பதினோராவது மாடி. அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது அங்கேயே வைத்துப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார்.

"அவ ஒருநாள் திரும்பி வந்து தேடினா யாராவது கை காட்டணும்ல," என்று இதை என்னிடம் சொன்னார். அடுத்த மூச்சில், "வந்தா மூஞ்சியிலயே கதவச் சாத்துவேன், அது வேற விஷயம்."

படம் 1961 வசந்தத்தில் ஊர்த் திரையரங்குக்கு வந்தது. ஹெரால்ட் போய்ப் பார்த்துவிட்டு வந்து மகளிடம் சொன்னார்: "உங்கம்மா ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. ஊரே பாத்துது." அலமாரி மேலிருந்த பெட்டியும் காணோம் என்று அவர் ஏற்கெனவே போலீஸில் சொல்லியிருந்தார். படத்தைப் பார்த்த போலீஸ்காரரும், பெட்டியோடு போன பொம்பளையை எங்கே தேடுவது என்று கோப்பை மூடிவிட்டார். அந்த வாரம் ஹெரால்ட் அந்தப் படத்தை ஐந்துமுறை பார்த்தார். மகளை ஒருமுறைகூட அழைத்துப் போகவில்லை.

நொரீன் அதை முதலில் பார்த்தது முப்பத்தொரு வயதில், தொலைக்காட்சியில். முகம் தெரியவில்லை. நடையை வைத்துக் கண்டுபிடித்தார். ஐவிக்கு ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். "பாத்தியா, வலது பக்கம்," என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு வீடியோ நாடாவில் அவர் எத்தனை நூறு தடவை பார்த்திருப்பாரோ. எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இந்த விஷயம் தெரியும். அதைப் 'பிம்லாட் தெருப் படம்' என்றுதான் சொல்வோம், அதன் பெயரை யாரும் சொல்வதில்லை.

போன பிப்ரவரியில் ஒரு ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தப் படத்தைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, புதுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். படம் பிடித்த ஊரிலேயே முதலில் காட்ட விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். நொரீனிடம் கேட்டேன். முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசுவதாக அவரே சொன்னார். "இந்தப் படத்தோட நல்லது கெட்டது என்னைவிட யாருக்குத் தெரியும்?"

செவ்வாய்க்கிழமை காலை டெஸும் நானும் பிரதியை ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஐம்பது வருட அழுக்கு போயிருந்தது. செங்கல்லுக்குச் செங்கல் தெரிந்தது. பழைய பிரதியில் வெறும் சாம்பல் சுவராக இருந்த இடத்தில் இப்போது ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அதன் பலகையில் எழுத்து இருந்தது. நாயகன் வந்து நின்றான். சிகரெட்டைப் பற்ற வைத்தான். பின்னால் ஐவி நடந்து வந்தாள்.

தெருவின் தப்பான பக்கத்தில் நடந்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருடம் தெருவின் வலப்புறச் சுவரை ஒட்டி நடந்தவள் இன்று இடப்புறச் சுவரை ஒட்டி நடந்தாள். மூலைக்குப் போனாள். ஒரு கணம் நின்றாள்.

இடது பக்கம் திரும்பினாள்.

அவள் மறைந்த பிறகும் இரண்டு காலடி ஓசை கேட்டது. டக், டக். பழைய பிரதியில் கரகரப்பு அதை மூடியிருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவில் ஒலி பிடிக்கமாட்டார்கள், லண்டனில் ஒரு அறையில் யாரோ பலகைமேல் நடந்து பதிவு செய்த ஓசை அது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

டெஸ் இயந்திரத்தை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைவரே, அந்தக் கடிதாசு எங்க?"

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பழைய பிரதிகளில் ஒரு காட்சி இடவலம் மாறி அச்சாகியிருந்தது, கடைப்பலகை எழுத்துகளால் தெரியவந்தது, மூல நெகட்டிவ் கிடைத்ததால் சரிசெய்திருக்கிறோம் என்று இரண்டே வரி.

"இதெல்லாம் சகஜம்," என்றார் டெஸ். "முந்தின காட்சியில கதாநாயகன் இந்தப் பக்கம் பாத்து நடக்குறான். தெருவுல எடுத்தப்ப அந்தப் பக்கம் பாத்து நின்னுட்டான். ரெண்டையும் ஒட்டினா பாக்குறவனுக்குத் தல சுத்தும். மறுபடியும் இவ்ளோ தூரம் வந்து எடுக்க யாரு காசு குடுப்பா? பிலிமத் திருப்பிப் போட்டு அச்சடிச்சுட்டான். லண்டன்ல உக்காந்து வெட்டி ஒட்டுறவனுக்கு பிம்லாட் தெரு எந்தப் பக்கம் திரும்பினா என்ன?"

மறுபடி ஓட்டினோம். மூன்றாவது முறை நான் திரையருகே போய் நின்றேன். பெட்டி இல்லை. கையிடுக்கில் காகிதம் சுற்றிய ஒரு ரொட்டி. ஒரு முனை கிழிந்து வெளியே தெரிந்தது.

"சொல்லாத," என்றார் டெஸ். "வியாழக்கிழமை மிஷின் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிடறேன். வேற ஏதாவது சிரிப்புப் படம் போடலாம். பிரதியத் திருப்பி அனுப்பிடு."

"அடுத்த மாசம் இது டிவிடியா வருது, டெஸ்."

"அப்ப அடுத்த மாசம் தெரிஞ்சுக்கட்டும். நம்ம கையால வேண்டாம்."

நான் எதையும் இரண்டு நாள் மனதில் வைத்திருக்க முடியாதவன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவன். மதியமே பதினோராவது மாடிக்குப் போனேன். நொரீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, யாரு செத்தா?"

"புதுப் பிரதி வந்துருச்சு. நீங்க வியாழக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவ தனியாப் பாக்கணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "மூஞ்சி தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுது. ஆனா அது இல்ல. அவங்க வேற பக்கம் திரும்புறாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "படத்துல இருக்கறவ எப்படிடா வேற பக்கம் திரும்புவா?"

நான் விளக்கினேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கைகூடத் துடைக்காமல், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கூடத்தில் நாங்கள் மூவர்தான். டெஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டினார். பதினோரு நொடிகள். நொரீன் எழுந்து திரையருகே போனார். "இன்னொரு தடவ," என்றார். மறுபடி பதினோரு நொடிகள்.

"அது ரொட்டி," என்றார்.

"ஆமா."

"ஓடிப்போறவ ரொட்டி வாங்கிக்கிட்டா போவா?" அவர் கை காற்றில் ஒரு தெருவை வரைந்தது. "எங்க வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். கரை வழியா வந்தா ஏழு நிமிஷம். சுத்தி வந்தா இருபது. எனக்கு நாலு மணிக்கு ஸ்கூல் விடும்." பிறகு, தனக்கே சொல்வது போல, "வீட்டுக்கு வந்துட்டு இருந்தா," என்றார்.

டெஸ் மூக்கை உறிஞ்சினார். "கரையில அன்னைக்குப் பயங்கரப் பனி, நொரீன். யார் வேணா வழுக்கி விழுந்திருக்கலாம்."

"இவ்ளோ தப்பு கண்டுபிடிக்கிறவ இதக் கண்டுபிடிக்கலியே," என்றார் நொரீன், அவர் பேச்சைக் காதில் வாங்காமல். "பழசுல அவன் சட்டப் பொத்தான் பொம்பளச் சட்ட மாதிரி மாறியிருந்திருக்கும். இடது கையால தீக்குச்சி கிழிச்சிருப்பான். அந்தப் பதினோரு நொடியும் நான் அவன ஒரு தடவகூடப் பாக்கல." பிறகு, "மூணாவது தடவ போடு, டெஸ். சத்தத்த நிறுத்திட்டுப் போடு. அது அவ கால் இல்ல."

சத்தமில்லாமல் ஓடியபோதுதான் நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். மூலையில் ஐவி நிற்கும் அந்த ஒரு கணம். பழைய பிரதியில், எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் இடது பக்கமாக, பனிக்குள், யாரையோ பார்க்கிறாள். ரொட்டி இல்லாத கையைப் பாதி உயரத்துக்குத் தூக்குகிறாள், தெரிந்த ஆளைப் பார்த்தால் தூக்குவது போல. பிறகு அந்தப் பக்கம் போகிறாள். அங்கே யார் என்பது படச்சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

டெஸ் விளக்கைப் போட்டார்.

"பிம்லாட் தெருவுல எங்கப்பா பன்னெண்டு வருஷம் கரி வண்டி ஓட்டினாரு," என்றார் நொரீன். திரையைப் பார்த்துத்தான் பேசினார். "எந்த வீட்ல எந்தப் பக்கம் கரி கொட்டுற குழின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. படம் திரும்பியிருக்குன்னு அவருக்கு முதல் நொடியிலயே தெரிஞ்சிருக்கும்."

நொரீன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அஞ்சு தடவ போய்ப் பாத்தாரு. யாராச்சும் கண்டுபிடிக்கிறாங்களான்னு பாக்கத்தான் போயிருப்பாரோ?"

"நொரீன், அவர் பாவம், செத்தும் போயிட்டாரு..." என்று டெஸ் ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷம் நான்தான் அவருக்குச் சவரம் பண்ணிவிட்டேன், டெஸ்."

வியாழக்கிழமை காட்சி நடந்தது. நடத்தியே ஆக வேண்டும் என்று நொரீன்தான் சொன்னார். கூடம் நிறைந்து, பின்னால் சிலர் நின்றார்கள். நொரீன் நீலக் கோட்டோடு முன்னால் நின்று, வழக்கம்போலக் குற்றம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த மாதிரிப் படங்களை எடுத்தவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லை, எங்கள் புகையைப் பார்க்க வந்தார்கள் என்றார். ஆனாலும் அவர்கள் வராமல் போயிருந்தால் எங்கள் முகம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்றார். "பெரிய தப்பு ஒண்ணு இருந்துச்சு. அத இப்பச் சரிபண்ணிட்டாங்க. என்னன்னு நீங்களே பாத்துக்கங்க."

அந்தக் காட்சி வந்தபோது கூடத்தில் பிஸ்கட் தாள்கூடச் சரசரக்கவில்லை. ஐவி இடது பக்கம் திரும்பினாள். எங்கோ பின்வரிசையில் ஒரு கிழவி, "ஐயோ, ஹெரால்டு," என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. நொரீனுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நூலகம் திறந்தபோது அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் போலீஸ் அலுவலகத்தில் வாங்கிய படிவம் இருந்தது. காணாமல் போனவர்களின் பழைய கோப்பை மறுபடி திறக்கக் கேட்கும் படிவம். கால்வாயில் கிடைத்து, பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் பட்டியலை அதன் பிறகுதான் தேடித் தருவார்களாம்.

"நீ எழுது கண்ணு. நான் சொல்றேன்."

மாடிக் கூடத்தில் உட்கார்ந்து பெயர் எழுதினேன். வயது, முப்பத்தொன்று. உயரம் கேட்டிருந்தது. "ரொட்டிக்கடை ஜன்னல் கட்டைக்கு மேல ஒரு சாண் எழுது. இல்ல, அது அவங்களுக்குப் புரியாது. அஞ்சடி மூணு அங்குலம்." உடை: கறுப்புக் கோட்டு, நான்கு பொத்தான், தலையில் கட்டிய துணி. கையில் இருந்தது: ஒரு ரொட்டி. கடைசியாக எந்தத் திசையில் சென்றார் என்றும் ஒரு கட்டம் இருந்தது. நான் கேட்கவில்லை. 'இடது, கால்வாய்க்கரை' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த கட்டம், கடைசியாக உயிரோடு பார்த்தவர்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு, 'படப்பிடிப்புக் குழுவின் ஒளிப்பதிவாளர், பெயர் தெரியாது' என்று எழுதி அவரிடம் காட்டினேன்.

நொரீன் அதைப் படித்தார். கீழே நூலகத்தின் கதவு திறந்து மூடியது. யாரோ காலணியை மிதியடியில் தேய்த்தார்கள்.

"அத அடிச்சிடு," என்றார்.

"என்னன்னு எழுத?"

"வெறுமனே விடு, கண்ணு. அவனுக்கு அப்புறம் ஒருத்தர் பாத்திருக்காரு."